அம்மு கேட்டுக்கொண்டிருக்கிறாள்

— ரெண்டு கையையும் மேசை மேல வச்சிக்கிடுங்க.

— இன்னாங்க, போலீஸ் டேசனா இது? டீ குடிக்க வந்த கைங்க.

— கோவிச்சுக்காதீங்க திலீப். யாரைப் பாக்க வந்தாலும் இதத்தான் சொல்லுவேன். கை என் கண்ணுக்குத் தெரியணும்.

— சரி. வச்சிட்டேன். வலையில மாட்ன நண்டு மாரி கீறேன். போதுமா?

— ம்… ஆப்ல இருக்குற போட்டோவும் நீங்களும் ஒண்ணுதான். தொப்பை மட்டும் கொஞ்சம் கூட.

— உங்க போட்டோல சிரிச்சுகினு இருந்தீங்க, ராமசெல்வி. நேர்ல பாத்தா பரீட்சை ஹால் டீச்சராட்டம் கீறீங்க.

— அந்த போட்டோவ எடுத்தவ சிரிக்க வச்சா.

— யாரு?

— அம்மு. என் சிநேகிதி. இதோ, இந்த போன்லதான் இருக்கா.

— இன்னாது… லைன்லயா? இப்பவா?

— நான் யாரையாவது பாக்கப் போனா அவ கேட்டுக்கிட்டே இருப்பா. பேச மாட்டா. ரெண்டு தட்டு தட்டினா எல்லாம் சரின்னு அர்த்தம்.

— மூணு தட்னா?

— எந்திரிச்சுப் போயிடுவேன். ஏன்னு கேக்க மாட்டேன்.

— போனு கவுந்து கெடக்குதே…

— கவுத்துப் போட்டாலும் கேக்கும். அம்மு, இருக்கியா?

— டக்… டக்.

— ஐய… லாரி போச்சு, மேச ஆடுது. அதானே?

— லாரி எங்க போச்சு? வெளிய பாருங்க. காலையிலருந்து எல்லா கன்டெய்னரும் நின்ன எடத்துலயே நிக்குது.

— ஆமால்ல… இன்னா கருமமோ, பட்டப்பகல்ல லைட்டு போட்டு ஒக்காந்துகினு கீறோம். மணலி பொகையும் மழ மூட்டமும் ஒண்ணா எறங்கிடுச்சு. எதிர்ல கீற மெடிக்கல் கடையே தெர்ல.

— மெடிக்கல்னதும் ஞாபகம் வருது. வாங்கினீங்களா?

— இன்னாத்த?… ஓ. மெதுவா பேசுங்க, டீ மாஸ்டரு காதுல வுழப் போவுது. வாங்கிட்டேன். பாக்கெட்ல கீது. எடுத்துக் காட்டட்டா?

— கை அங்கயே இருக்கட்டும். நம்புதேன். டீய மட்டும் மாத்திக்குவோம். உங்க கிளாஸ் எனக்கு, என்னது உங்களுக்கு.

— நான் ஒரு வாய் குடிச்சிட்டேனே…

— அதனாலதான் கேக்குறேன்.

— ஹ… நல்லா உஷாரு நீங்க.

— உஷாரா இல்லாம என்ன செய்ய? கல்யாணம், காதல்னு ஒண்ணும் இல்ல. பிடிச்சா பழகுறது, பிடிக்கலன்னா டீயோட சரி. அப்படித்தானே பேசினோம்?

— அப்டித்தான்.

— பிடிச்சுப் போனாலும், நான் வேணாம்னு சொன்னா அதோட நிறுத்தணும்.

— சரிங்க.

— பாதியில மனசு மாறினாலும்.

— பாதியிலயா…

— பாதியிலதான். உங்களுக்கும் அதேதான். பிடிக்கலன்னா நீங்க சொல்லலாம். நான் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட மாட்டேன்.

— இத்த எங்கிட்ட யாரும் சொன்னதில்லீங்க.

— போட்டோ கிடையாது, வீடியோ கிடையாது. ராயபுரத்துல எங்க அண்ணன் மளிகைக் கடை. ஒரு படம் அங்க போச்சுன்னா என் பொழப்பு முடிஞ்சுது. முப்பத்தஞ்சு வயசுல புருஷன விட்டுட்டு வந்தவளுக்கு ஒரு ரூம் குடுத்ததே அவங்களுக்குப் பெரிசு.

— சத்தியமா எங்கியும் போவாது.

— அம்மு, என்ன சொல்லுத?

— டக்… டக்.

— இன்னாமோ பலகையிலருந்து வர்ற சத்தம் மாரி கீது… ஒண்ணு கேக்கவா? ரெண்டு தட்டு எங்காளுங்க பழக்கம். போட்ல வயர்லெஸ் கீது இல்ல, கரையிலருந்து கூப்டுவாங்க. வலை இழுத்துகினு இருந்தா பேச முடியாது. மைக்க ரெண்டு தபா அமுக்கினா போதும். உயிரோட கீறோம்னு அர்த்தம். கடக்காரங்க வூட்டுப் பொண்ணுக்கு எப்டித் தெரியும்?

— அம்மு காசிமேட்டுக்காரி. அவங்க அப்பா போட் ஓட்டினவரு.

— யாரு பொண்ணு? எனக்குத் தெரிஞ்சிருக்கும்.

— இருக்கலாம். அத விடுங்க. எந்த லாட்ஜு?

— லாட்ஜு வேணாங்க. வள்ளூர்ல ஒரு ரூமு கீது, தோஸ்து ஒருத்தனோடது. சுத்தமா கீது.

— ஆளுங்க நடமாடுற லாட்ஜுன்னுதானே பேசினோம்?

— அங்க ஆதார் கேப்பான், பேஜாரு. ரூமுன்னா நிம்மதி.

— யாருக்கு நிம்மதி?… அங்க வேற யாரும் இருக்காங்களா?

— யாரும் இல்லீங்க. நீங்களும் நானும்தான்.

— டக்… டக்… டக்.

— மூணு.

— ஏங்க… உங்க மூஞ்சி ஏன் இப்டி வெளுத்துப் போச்சு?

— நான் கெளம்புதேன்.

— ஒரு நிமிசம்… ஒக்காருங்களேன்…

— ஏன்னு கேக்க மாட்டேன்னு சொன்னேன்ல. வழிய விடுங்க.

— வுட்டேன். நான் எழுந்திரிக்கவே இல்ல, பாருங்க. போங்க. ஆனா… அந்தப் பொண்ணுக்கு எப்டித் தெரியும்?

— என்னது தெரியும்?

— என் தோஸ்து மணி அங்க கீறான்.

— எங்க?

— ரூம்ல. நீ கூட்டினு மட்டும் வா, மிச்சத்த நான் பாத்துக்கறேன்னு சொன்னான். காலையிலருந்து சொல்லிடலாம் சொல்லிடலாம்னு… வாயே வர்ல.

— சொல்லியிருக்கவே மாட்டீங்க.

— …மாட்டேன்.

— வேற யாரும் இருப்பாங்களான்னு ஆப்ல கேட்டேன். இப்ப நேர்லயும் கேட்டேன். ரெண்டு தடவையும் பொய்.

— தப்புதாங்க. அந்த அம்மு கைல சொல்லுங்க, மணி நம்பர நானே தர்றேன், போலீஸ்ல குடுக்கட்டும். எனக்கு அவங்கள நெனச்சாதான் பயமா கீது… கூடவே இருந்து பாத்த மாரி…

— அவளும் இப்படித்தான் ஒருத்தனப் பாக்கப் போனா. ரூம்ல யாரும் இல்லன்னு சொன்னவன நம்பி. யார்கிட்டயும் சொல்லல, என்கிட்டகூட. மறுநாள் எண்ணூர் முகத்துவாரத்துல வலையில வந்தா.

— வலையில வந்தா…ன்னா?

— போன வருஷம்.

— கருணாகரன் அண்ணன் பொண்ணா… அந்த அம்முவா?

— அவளேதான்.

— அப்ப… லைன்ல கீறது?

— யாரும் இல்ல. இங்க வர்றேன்னு நான் யார்கிட்ட சொல்ல முடியும்? அண்ணிகிட்டயா? இதோ, திருப்பி வச்சிட்டேன். நல்லாப் பாருங்க. ஒடஞ்சு போன பழைய போன். பேட்டரியே கிடையாது.

— அப்ப அந்தத் தட்டு…

— மேசைக்கு அடியில என் மோதிரம்.

— அதான் பலகை சத்தமா… ஆனா அந்த மூணும் அப்டி இல்லியே. தண்ணிக்குள்ளருந்து யாரோ தட்ற மாரி கேட்டுச்சே.

— அந்த மூணையும் நான் தட்டல, திலீப்.

— இன்னாங்க…

— மனசு கேக்காம நீங்களே தட்டிட்டீங்கன்னு நெனச்சேன்.

— என் ரெண்டு கையும் மேச மேலதான கீது? நீங்கதான வெக்க சொன்னீங்க. நான் இன்னும் எடுக்கவே இல்ல.

— ஆமா… ரெண்டும் மேலதான் இருக்கு.

— மோதிரத்தக் கழட்டுங்க.

— கழட்டிட்டேன். இதோ, டீ கிளாசுக்குள்ள போட்டுட்டேன். என் கை ரெண்டும் இங்க இருக்கு.

— என்னுதும்.

— அம்மு… நான் வீட்டுக்குப் போறேன்டி. ஆளுங்க இருக்குற ரோட்டுலயே நடந்து போறேன். இருக்கியா?

— டக்… டக்.