கை நனைக்காமப் போகக்கூடாது

இழுக்காதீய சார். நீங்க இழுக்க இழுக்க அது வெளாட்டுன்னு நெனச்சு இன்னும் நல்லாக் கவ்வும். பல்லெல்லாம் படாது, பயப்படாதீய. பேன்ட்டு நுனியத்தான புடிச்சிருக்கு, ஒங்க காலயா புடிச்சிருக்கு? உக்காருங்க. அந்த ஸ்டூல்லதான். ஆடும், ஆனா ஒடையாது. நான் என்ன தப்பா சொல்லிட்டேன் இப்ப? வந்தீய. என் கேட் பாஸ வாங்கி பேன்ட்டுப் பாக்கெட்ல போட்டுக்கிட்டீய. இனிமே நம்ம ஃப்ளாட்டு சோசைட்டிக்குள்ள கால் வைக்கக் கூடாது முத்துமாரின்னீய. சரின்னு நானும் குடுத்துட்டேன். எல்லாம் முடிஞ்சிட்டு. ஆனா கை நனைக்காம எந்திரிச்சீயல்லா, அதான் மாப்ளைக்குப் புடிக்கல.

மாப்ளன்னா இந்த நாய்தான் சார். எங்க வீட்டுக்காரரச் சொல்லல. அவர் எவரையும் புடிக்க மாட்டாரு, அவருக்கு நாய்னாலே பயம், மேல பரண்ல படுத்திருக்காரு. என் கொழுந்தன் மக கல்யாணத்தன்னைக்குப் பந்தியில வந்து உக்காந்துச்சு இது. வெரட்டுனாலும் போகல. அப்பவே மாப்ளன்னு பேரு வச்சிட்டோம்.

விடச் சொன்னா விடாதான்னு கேக்குதீய. விடாது சார். அத நான் சொல்லிக்குடுக்கவே இல்லயே. உக்காரு, படு, சும்மா கெட, கை குடு, ரோட்டுல கெடக்குறதத் திங்காத... எல்லாம் உண்டு. விடு மட்டும் கெடயாது. ஒரு முறுக்க எடுத்துக் கடிங்க, தன்னால விட்டுரும். தட்டுல இருக்கு பாருங்க, நேத்து சுட்டது, நல்லாப் பதமா வந்திருக்கு.

ஏகாதசியா? ஏகாதசி போன வாரம்லா போச்சு? எங்க வீட்லயும் காலண்டர் தொங்குது சார், ஒங்க தலைக்கு மேலதான். நீங்களே பாத்துக்கிடுங்க.

நான் ஒண்ணே ஒண்ணு கேக்கேன். ஒங்க வீட்டுக்கு வந்த களவாணிய ஒங்க ப்ரூனோ புடிச்சானா இல்லையா? புடிச்சான்லா? கேமராவுல எடுத்தத நீங்கதான சோசைட்டி பூராவும் போட்டுக் காட்டுனீய. செகரெட்டரி வீட்லயே களவு, இந்த நாய் ட்ரெய்னர்தான் காரணம்னு. நானுந்தான் பாத்தேன். அந்தப் பய வெள்ளிக் கூஜாவத் தூக்கிக் கக்கத்துல வச்சிக்கிட்டு வாசலுக்கு வாரான். ப்ரூனோ போய்ப் பேன்ட்டப் புடிச்சிட்டான். ஒரு கொரைப்பு கெடயாது, ஒரு உறுமல் கெடயாது. எவ்வளவு மரியாதையாப் புடிச்சிருக்கான் தெரியுமா? நான் பாத்துக் கண்ணு கலங்கிட்டேன். பொறவு அந்தக் களவாணி பயந்துபோயி, நாயையும் இழுத்துக்கிட்டே போய் ஃப்ரிட்ஜத் தொறந்து, ஒங்க வீட்டம்மா வச்சிருந்த தயிர்சாதத்த எடுத்துத் தின்னுருக்கான். நாய்க்குக் குடுக்கலாம்னுதான் எடுத்திருப்பான், பசியில அவனே தின்னுட்டான். ஊறுகாயும் தொட்டுக்கிட்டான். சாப்புட்டு முடிச்சான், ப்ரூனோ விட்டுட்டான். வாலை ஆட்டி வாசல் வரைக்கும் போய் வழியனுப்பிட்டு வந்திருக்கான். இதுல என் தப்பு எங்க இருக்கு சார்? வந்தவன் சாப்புட்டானா சாப்புட்டான். கூஜாவப் பத்தி நாய்க்கு என்ன தெரியும்? ஃப்ரிட்ஜுக்குப் பூட்டுப் போட்டிருக்கணும்.

சிரிக்கலன்னாப் பரவால்ல, கேட்டுக்கிட்டாவது இருங்க.

எனக்கு இந்தத் தொழிலச் சொல்லிக்குடுத்ததே ஒரு நாய்தான் சார். பூதத்தான்னு பேரு. இதே தாராவி, இதே சந்து. அப்ப மாடி கெடயாது, தகரம் போட்ட ஒத்த ரூம்பு, அதுக்குள்ள நாங்க ஆறு பேரு. எங்கம்மா விடியக்காலம் இட்லி அவிச்சுக் குடுப்பா, ஆளுக தூக்கிக்கிட்டு சயானு, மாதுங்கா பக்கமெல்லாம் விக்கப் போவாவ. ஊருல இருந்து தாதர் ஸ்டேசன்ல வந்து எறங்குத ஆளுகெல்லாம் பெட்டியத் தூக்கிக்கிட்டு நேரா எங்க வீட்டுக்குத்தான் வருவாவ. வேல கெடைக்கிற வரைக்கும் எங்கன போவாவ பாவம்? வந்த ஆளு கை நனைக்காமப் போகக் கூடாது, அது எங்கம்மா வச்ச சட்டம். அடுப்புல ஒண்ணுமே இல்லன்னாலும் ஒரு பொட்டுக்கடலையாவது கையில வைப்பா.

பூதத்தான் வாசல்லயே கெடப்பான். வந்தவன் தின்னா அவனுக்கும் ஒரு துண்டு விழும். தின்னாமப் போனா விழாது. அவன் எத்தன நாளுதான் பாத்துக்கிட்டே கெடப்பான்? ஒருநாள் ஒரு ஆளு, இல்ல மைனி, வெரசாப் போணும்னு எந்திரிச்சாரு. பூதத்தான் பைய வந்து வேட்டியப் புடிச்சிட்டான். அவ்வளவுதான். அதுக்குப் பொறவு எங்க வீட்லருந்து எவனும் பசியோட போனது கெடயாது. எவரும் அவனுக்குச் சொல்லிக்குடுக்கல சார். பாத்தான், கணக்குப் போட்டான், புடிச்சான். நான் அவன் பக்கத்துல உக்காந்து அவன் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருப்பேன். நாய்க்கு என்ன லாபம்னு காட்டுனாப் போதும், அடிக்கவே வேண்டாம், கத்தவே வேண்டாம்னு எனக்கு அங்கனதான் புரிஞ்சுது.

பள்ளிக்கூடத்துல டீச்சர் கேட்டாவ, பெரிய ஆளானா என்னவாப் போறீங்கன்னு. எல்லாவளும் டாக்டரு, டீச்சரு, ஏர் ஹோஸ்டஸுங்கா. நான் எந்திரிச்சு, நாய்க்குப் பாடம் எடுக்கப் போறேன் டீச்சர்ன்னேன். வெளிய போய் நில்லுன்னுட்டாவ. வெளிய பூதத்தான் நின்னுக்கிட்டு இருந்தான். எனக்கு அதவிட வேற என்ன வேணும்?

இதக் கேளுங்க, இதுதான் முக்கியம். ஒரு தடவ ஒரு ஆபீசர் வந்தாரு. சந்துக்குள்ள அடுப்பு போடக் கூடாது, நாளைக்குள்ள எடுத்துரணும்னாரு. அடுப்ப எடுத்தா நாங்க என்னத்தத் திங்க? எங்கம்மா அழுதா. அவரு அதெல்லாம் பாக்கல, சொல்லிட்டுத் திரும்புனாரு. பூதத்தான் பேன்ட்டப் புடிச்சிட்டான். அவரு வைதாரு, உதறுனாரு, குடையால குத்துனாரு. அவன் விடல. எங்கம்மா கண்ணத் தொடச்சிக்கிட்டு மூணு இட்லியும் பொடியும் வச்சுக் குடுத்தா. வைதுக்கிட்டேதான் தின்னாரு. மூணாவது இட்லியில வையுதது நின்னுட்டு. இன்னும் ரெண்டு வைன்னாரு. பொறவு சனிக்கெழம தோறும் வருவாரு, பொண்டாட்டியக் கூட்டிட்டு. அடுப்பு அங்கனயே இருந்துச்சு. அன்னைக்கு நான் முடிவு பண்ணேன் சார், வாழ்ந்தா இந்தத் தொழில்லதான் வாழணும்னு.

ஒங்களுக்கு ஃபோன் அடிக்கி. எடுங்க எடுங்க. ... ட்ராஃபிக்ல மாட்டிக்கிட்டேன்னா சொல்லுதீய? நல்லதுதான். தாராவியில ட்ராஃபிக்னா யாருன்னாலும் நம்புவாவ. சோசைட்டி மீட்டிங்குக்கு எல்லாரும் வந்துட்டாவளா? வந்து ஒங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்காவளா? என் பாஸக் காட்டுனாத்தான் அவங்களுக்கு மனசு ஆறுமாக்கும்.

நானும் சும்மா இருந்து இந்தப் பேர வாங்கல சார். ஒங்க பில்டிங்ல வெளக்கமாத்தோட வந்தவ நான். அஞ்சாவது மாடி சிந்தி அம்மா வீட்டு நாயி பாக்குறவனையெல்லாம் கடிச்சுக்கிட்டு கெடந்துச்சு. நான் தூத்துக்கிட்டே அதச் சரி பண்ணேன். பொறவு மூணாவது மாடி, பொறவு பி விங்கு, பொறவு நீங்க. வெளக்கமாத்தக் கீழ வச்சிட்டு விசிட்டிங் கார்டு அடிச்சேன். இன்னைக்கு ஒங்க சோசைட்டியில ஒரு நாய் கடிக்குமா? சொல்லுங்க. கடிக்காது. புடிக்கும், அவ்வளவுதான்.

லிஃப்ட் மெக்கானிக்கா? ஆமா, அவர அஞ்சாவது மாடி நாயி புடிச்சு வச்சிட்டுதான். லிஃப்டுக்குள்ள ஆளு மாட்டியிருந்தாவதான். அதுக்கு நான் என்ன செய்ய? சிந்தி அம்மா ஒரு பிஸ்கட்டு குடுத்திருக்கலாம்லா? டயட்டு டயட்டுன்னு வீட்டுல ஒரு பிஸ்கட்டு கூட வைக்காம இருந்தா நாய் என்ன செய்யும்? கூரியர் பையனுவளப் பாருங்க, எவ்வளவு வெவரம். அவனுவளே பாக்கெட்ல கடல மிட்டாய் போட்டுக்கிட்டு வாரானுவ. கதவு தொறந்ததும் நாய்க்கு முன்னால நின்னு மெல்லுதானுவ, கையெழுத்து வாங்குதானுவ, போயிருதானுவ. ஒரு டென்சன் கெடயாது. படிச்ச ஆளுகளுக்குத்தான் கஷ்டமா இருக்கு.

சார், சும்மா மெல்லுத மாதிரி வாய ஆட்டாதீய. மாப்ள நம்பாது. அது ஒங்க தொண்டையப் பாக்கும், எறங்குதான்னு. தண்ணியும் செல்லாது. கடிச்சித் திங்கணும். முறுக்கு வேண்டாம்னா வாழப்பழம் இருக்கு. பழத்துல என்ன இருக்கு, தோலு போட்டுத்தான இருக்கு, என் கை கூடப் படலயே. நீங்களே உரிச்சிக்கிடுங்க. சுகரா? ஏகாதசி போயி இப்ப சுகரா? சுகருக்கு முறுக்கு நல்லது சார்.

என்னது... பிரச்சனைன்னு போன வீட்டுல கை நனைக்கப்பிடாதுன்னு ஒங்கப்பா சொல்லுவாரா? ம்ம். அது உண்மதான். அத ஒத்துக்கிடுதேன். எங்க ஊர்லயும் அப்படித்தான். சாப்புட்டாப் பொறவு வாய் எழும்பாதுல்லா. பஞ்சாயத்து பேச வந்தவன் தண்ணி கூட குடிக்க மாட்டான். நீங்க என் வீட்டு முறுக்கத் தின்னுட்டு, மீட்டிங்ல போய் என் பாஸத் தூக்கிக் காட்ட முடியாது. அதுக்குத்தான் பயப்படுதீய. நான் வேற மாதிரில்லா நெனச்சேன். எங்க வீடுங்கதாலதான் வேண்டாங்குதீயன்னு.

அதுவும் உண்டுங்குதீயளோ? இப்ப காலண்டரப் பாக்குதீய. சரி.

நானும் ஒண்ணச் சொல்லிருதேன். ப்ரூனோ மொதல்ல புடிச்சது யாரத் தெரியுமா? களவாணிய இல்ல, லிஃப்ட்காரன இல்ல, என்னையத்தான். நாந்தான் புடிக்கச் சொல்லிக்குடுத்தேன். மழையில நனைஞ்சு வருவேன், வெயில்ல வருவேன், ரெண்டு மணி நேரம் ஒங்க நாயோட ஓடுவேன். ஒங்க வீட்டம்மா கதவச் சாத்திக்கிட்டு டிவி பாப்பாவ. காப்பி மணம் வாசல் வரைக்கும் வரும், காப்பி வராது. நான் எப்படிக் கேக்க? வாய விட்டுக் கேக்க எனக்கு வெக்கமா இருந்துச்சு. அதனால நாயக் கேக்கச் சொன்னேன். ப்ரூனோ என் சேலயப் புடிச்சிக்கிட்டு விடல. ஒங்க வீட்டம்மா பதறிட்டாவ. நான், ஒண்ணுமில்ல மாமி, ஒரு வாய் எதாவது சாப்புட்டா விட்டுருவான்னேன். காப்பியும் ஒரு தட்டையும் வந்துச்சு. எனக்குன்னு தனியா ஒரு பிளாஸ்டிக் கப்பு. காப்பி நல்லாத்தான் இருந்துச்சு சார். அதுக்குப் பொறவு ஒவ்வொரு வீட்லயும் அதத்தான் சொல்லிக்குடுத்தேன். எனக்கு மட்டும்னுதான் நெனச்சேன். நாய்க்கு அப்படிப் பிரிச்சுப் பாக்கத் தெரியல, வாரவன் போறவனையெல்லாம் புடிச்சிட்டு. அவ்வளவுதான் நடந்தது. இத மீட்டிங்லயும் சொல்லிக்கிடுங்க. ஆனா பாஸக் குடுங்க சார். அஞ்சு நாயி சார். என்னைய வாசல்ல பாக்கலன்னா அதுக தேடும். எனக்கும் அந்த வேலய விட்டா ஒண்ணும் தெரியாது.

என்ன சார், பெல்ட்ட எதுக்குக் கழட்டுதீய? வேக்காடா இருக்கா? ஃபேனக் கூட்டி வைக்கேன்... சார். சார், வேண்டாம் சார். ஐயோ, நான் பொம்பள நிக்கேன் சார். சரி சரி, நான் திரும்பிக்கிடுதேன், ஆனா கொஞ்சம் பொறுங்க, ஒரு வளையம் மட்டும் ஒடச்சித் தாரேன், முழு முறுக்கு வேண்டாம், ஒரு கல்கண்டு, ஒரே ஒரு கல்கண்டு சார்...

சார்!

சார், மாடி ஏணியில பாத்து எறங்குங்க. இடதுபக்கம் போகாதீய, அங்கன கல்யாண வீடு, பந்தல் போட்டிருக்கு. வலதுபக்கம்... போயிட்டாரே. பட்டாபட்டி டவுசரோட பந்தலுக்குள்ள போயிட்டாரே. சார், பாஸு பேன்ட்டுப் பாக்கெட்லயே இருக்கு சார்! கேட்டீயளா? மீட்டிங்ல என்னத்தக் காட்டுவீய?

திரும்பிக்கூடப் பாக்கல.

ஏங்க, பரண்ல இருந்து எறங்குங்க, ஆளு போயிட்டாரு. நாய் மேல வராது, அது பேன்ட்டப் புடிச்சிக்கிட்டு நிக்கி. பாத்தீயளா இந்தக் கூத்த? ஒரு முறுக்குங்க. ஊரே பாக்க டவுசரோட ஓடுறது பரவால்ல, எங்க வீட்டு முறுக்கு மட்டும் உள்ள எறங்கிரக் கூடாதுன்னுட்டாரு. எனக்குச் சிரிப்பா வருது. பாஸும் திரும்பி வந்துட்டு, சந்தோசப்படத்தான செய்யணும்? ஆனா அந்த முறுக்குத் தட்ட எடுத்து உள்ள வைக்க மனசு வரல.

விடு மாப்ள. அவரு போயிட்டாரு. விடுல. பேன்ட்டு எப்படில சாப்புடும்?