பத்திரிகையில் துரைசாணி

சென்ற தை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்குத் தாம்பரத்தில் புறப்பட்ட கடற்கரை ரயில். என் எதிரே ஒரு தாயும் மகளும். தாய் துப்புரவுப் பணியாளர் சீருடையில் இருந்தார். மகளின் செல்பேசியில் அவளுடைய கல்யாணப் பத்திரிகை, அச்சுக்குப் போகும் முன்.

"என் பேர எடுத்துட்டு சாந்தின்னு போடச் சொல்லு."

"ஏம்மா, துரைசாணிக்கு இன்னா?"

"ஆபீஸ்ல சிரிக்கிறாங்க. 'துரைசாணி, தர தொடைக்கணும், மாப்பு எடுத்துகினு வாங்க'ன்றாங்க. மாப்பிள்ள வூட்லயும் சிரிப்பாங்க."

"நான் தேடிப் பாத்தேன்மா. தெலுங்குலேர்ந்து வந்ததாம். பாளையக்காரங்கள துரைன்னாங்க, அவங்க சம்சாரம் துரைசாணி. அப்பால வெள்ளக்காரன் வந்தான், அவன் பொண்டாட்டியும் துரைசாணி."

"அதான் சொல்றேன். அவங்கல்லாம் மாப்பு புடிச்சாங்களா?"

சானடோரியம் தாண்டியது.

"அப்போ உனக்கு யாரு வெச்சது?"

"எங்கப்பா. ஜமீன் வூட்ல மாட்டு வேல. அந்தம்மாவ கைய கட்டிகினு துரைசாணின்னுதான் கூப்புடணும். நான் பொறந்ததும் அதே பேர வெச்சிட்டாரு. 'இனிமே அவங்களும் என் பொண்ண துரைசாணின்னு கூப்ட்டாவணும்'னாரு."

"கூப்ட்டாங்களா?"

"எங்க? கடைசி வரைக்கும் 'ஏ குட்டி'தான்."

குரோம்பேட்டையில் கூட்டம் ஏறியது. பல்லாவரம் வரும்வரை அந்த அம்மா பத்திரிகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, அப்படியே இருக்கட்டும். அந்த ஜமீன் வூட்டுக்கு ஒண்ணு எடுத்து வை. நானே போய்க் குடுக்கறேன்."