அறுபது துப்பாக்கி

அதான் சொல்றனே டீச்சரம்மா, பதினஞ்சு நாளு மின்ன நீ வந்து எயுதிக்கினு போனது எனக்கு நல்லா நாபகம் கீது. இப்ப மறுபடியும் இன்னாத்துக்கு வந்துகீறேன்னும் வெளங்குது. வூட்டுக்கு வூடு ஆளு எண்ணிக்கை ஏறிச்சா எறங்கிச்சான்னு பாக்கணும், அதானே? எதுர் வூட்டு பூவம்மாளுக்குப் பேரன் பொறந்துகீறான், அத்த எயுதிட்டியா? ஆங். என் வூட்டுக் கணக்கையும் சொல்றேன், ஏன் வாசல்லயே நின்னுகினு கேக்குற? உள்ள வா, குந்து. ஹார்பர் கரித்தூளு எத்தினி வாட்டி தொடச்சாலும் வந்து படியுது, பொடவை கலீஜாயிடும். இந்தா, இந்தத் துணிய விரிச்சிக்க.

மொதல்ல ஒரு ஒத்தாசை பண்ணு. அந்தப் பாரத்துல எங்க வூட்டுப் பக்கத்தை எடுத்து மேல் வரிய மட்டும் படிச்சுக் காட்டு. எனக்குப் படிக்கத் தெரியாதும்மா. ஜாபிர் ஹசன். ஆமா, எங்க வூட்டுக்காரரு. வயசு அறுவத்தஞ்சு. பொறந்த ஊரு ஐன் தூத், பாலஸ்தீனம். அதான், அதேதான். நாட்டுப் பேரு மட்டும் போதும்னுதான் நீ சொன்ன. அவுருதான் ஊருப் பேரையும் போடச் சொல்லி உன்னை பேஜாரு பண்ணிட்டாரு. நீயும் மூணு வாட்டி பொறுமையா கேட்டு எயுதின. பேனாவ கொஞ்ச நேரம் மூடி வையேன். அந்த வரி மேல நீ கை வெக்கறதுக்கு மின்ன, அது அங்க எப்டி வந்துச்சுன்னு கேட்டுக்க. எனக்கு அந்த வரி இருக்கணும். அவ்ளோதான் வெவரம்.

இல்ல, அவுரு வூட்ல இல்ல. இரு, சொல்றேன்.

ராயபுரத்துல யாரக் கேட்டாலும் அரபி பாய்ன்னா தெரியும். காசிமேட்டுல லாஞ்சு இஞ்சின் ரிப்பேரு. அறுவத்திரண்டுல கப்பல்ல வந்தாரு, இஞ்சின் ரூம்புல எண்ணெய் போடுற வேலை. இங்க எறங்கினதும் டைபாய்டு. ஆஸ்பத்திரில படுக்க வெச்சிட்டு கப்பல் அதும்பாட்டுக்குக் கெளம்பிடுச்சு. எங்க அத்தா, என்னப் பெத்தவரு, ஹார்பர்ல மூட்டை தூக்குனவரு. பாஷை தெரியாம ஒரு முஸ்லிம் புள்ள கெடக்குதேன்னு வூட்லேந்து கஞ்சி எடுத்துக்கினு போவாரு. கஞ்சிய ஆக்குனவ நானு. மறு கப்பல் வரும் வரும்னு பாத்தாங்கோ, வந்தது நிக்காஹ்தான். சிரி, சிரி. எங்க அம்மாவும் இப்டித்தான் சிரிக்கும். அவுரு தமிழ் பூரா மீன்காரம்மாங்க கிட்ட கத்துக்கினது. அந்த செவப்பு மூஞ்சிய வெச்சிக்கினு நம்ம பாஷைல திட்ட ஆரம்பிச்சாருன்னு வையி, சண்டைக்கு வந்தவனே சிரிச்சிட்டுப் போயிடுவான்.

ஆனா ஒரு விசயத்துல மட்டும் மனுசன் கிறுக்கு. ஆளு எண்ண வர்றவங்கன்னா ஆவாது. எழுவத்தொண்ணு, எம்பத்தொண்ணு, தொண்ணூத்தொண்ணு, மூணு வாட்டியும் உங்காளுங்க வந்தாங்கோ. தெருமொனைல நோட்டும் கையுமா எவனயாச்சும் பாத்துட்டா போதும், சட்டையக்கூட மாட்டாம காசிமேட்டுக்கு ஓடிப்போயி எதுனா லாஞ்சுக்குள்ள குந்திக்குவாரு. அப்டி ஒரு ஆளே இல்லன்னு நான் பொய் சொல்லணும். ரேஷன் கார்டுல பேரு கெடையாது. போலியோ சொட்டு போடறவங்க கதவுல சாக்பீஸால நம்பர் போட்டுட்டுப் போவாங்க இல்ல, அவங்க தெருவத் தாண்டறதுக்குள்ள ஈரத்துணி வெச்சி அழிச்சிடுவாரு. வெளிநாட்டாளு வருசத்துக்கு ஒரு வாட்டி போலீஸ் ஆபீசுல கையெயுத்து போடணும், அதுக்கு மட்டும் போவாரு. போவாட்டி உள்ள தூக்கி வெச்சிடுவாங்களே. அதுக்கே ரெண்டு நாளு சோறு எறங்காது.

ஏன்யா இப்டின்னு கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலிச்சிப் போச்சு. முப்பத்தாறு வருசம். இந்த நோம்புப் பெருநாளு கழிச்சி நெஞ்சு வலின்னு பத்து நாளு ஆஸ்பத்திரில கெடந்தாரு. வூட்டுக்கு வந்து படுத்தவரு, ஒரு நாளு மத்தியானம் நான் அரிசில கல்லு பொறுக்கிக்கினு இருக்கேன், அவரே ஆரம்பிச்சாரு.

அவுங்க ஊரு மலை மேல. நான் பாத்த மலை பரங்கிமலை ஒண்ணுதான், அத்தத்தான் நெனச்சிக்கினேன். எழுவது வூடு, எல்லாம் கல்லு வூடு. ஐன்னுன்னா ஊத்து. தூத்துன்னா மல்பெரி கீது இல்ல, அந்த மரம். மலைய படிபடியா வெட்டி, கல்லை அடுக்கி, ஆலிவ் மரம் வெச்சிருந்தாங்களாம். மழைக்காலம் ஆரம்பிக்கறப்ப காய் முத்தும். கோலால தட்டி எறக்கணும். அந்த ஒரு மாசம் ஊரே மரத்தடிலதான் சோறு தின்னும். அவுங்க அத்தா ஹசன், ஊருக்குப் பெரிய மனுசன் மாதிரி.

அந்த ஊர்ல ஒரு பயக்கம் டீச்சரம்மா. விருந்தாளின்னு ஒருத்தன் வந்துட்டா மூணு நாளைக்கு நீ யாரு, எங்கேந்து வர்ற, இன்னாத்துக்கு வந்தேன்னு கேக்கவே கூடாது. கேட்டா வூட்டுக்கு அசிங்கம். சோத்தப் போட்டுக் கம்முனு இருக்கணும். நம்ம தெருவுல நடக்குமா? வந்தவன் செருப்பைக் கயட்டறதுக்குள்ள ஏயு கேள்வி கேட்டுடுவோம்.

நாப்பத்தேயாவது வருசம். நம்மூர்லேந்து வெள்ளக்காரன் போயிட்டான், அங்க மூட்டை கட்டிக்கினு இருந்தான். அவன் போனா நாடு யாருக்குன்னு அரபுக்காரங்களுக்கும் யூதருங்களுக்கும் அடிதடி. அந்த நேரம் பாத்து, காய் எறக்கற மாசம், முதுகுல பை மாட்டிக்கினு ரெண்டு பேரு வந்தாங்களாம், மலை சுத்திப் பாக்கறோம்னு. அதுல ஒருத்தன் அரபு நல்லா பேசுறான். மாமனாரு வூட்டுக்கு இட்டாந்து ரொட்டி, எண்ணெய், காப்பி எல்லாம் குடுத்தாரு. யாருன்னு கேக்கக்கூடாதே, இவுரு கேக்கல. கேட்டதெல்லாம் வந்தவன்தான். எத்தினி வூடு, கோடைல ஊத்து வத்துமா, கழுதைப் பாதை எந்தப் பக்கம் எறங்குது. தன் ஊரப் பத்தி ஒருத்தன் இவ்ளோ ஆசையா கேக்குறானேன்னு அவுரும் பெருமையா சொல்லிக்கினே இருந்தாராம்.

சாயந்தரம் எங்க வூட்டுக்காரரு அந்த ஆள ஊத்து பாக்க இட்டுகினு போனாரு. அப்ப அவுருக்குப் பன்னெண்டு வயசு. தண்ணி குடிச்சிட்டு அந்த ஆளு கேட்டானாம், ஏன்டாப்பா, காலம் கெட்டுக் கெடக்குதே, உங்க ஊர்ல துப்பாக்கி கிப்பாக்கி வெச்சிக்கீறீங்களான்னு.

அறுவதுன்னாராம்.

இருந்தது நாலு. அதுலயும் ஒண்ணு சுடாது, கல்யாணத்துல மேல தூக்கிக் காட்டறதுக்கு.

ஏன்யா அப்டி பீலா வுட்டேன்னு கேட்டேன். விருந்தாளி முன்ன ஊரக் கொறச்சலா சொல்ல நாக்கு வரலியாம். நாலுன்னு சொன்னா அத்தாவுக்குக் கேவலம்னு நெனச்சிட்டாராம். அந்த வயசுல எந்தப் புள்ளதான் உதாரு வுடாது? எங்க மாமா போலீசுன்னு சொல்லாத புள்ள இந்தத் தெருவுல ஒண்ணு கீதா, நீயே சொல்லு, நீ புள்ளைங்களோடயே குப்பை கொட்றவ. அந்த ஆளு சிரிச்சிக்கினே சின்ன நோட்டு ஒண்ணை எடுத்து எயுதிக்கினானாம். எயுதினத இவுரு கண்ணால பாத்தாரு.

மறு வருசம் மே மாசம், விடிகாலைல சுபுஹு தொழுகை நேரம், மூணு பக்கத்துலேந்து யூதப் பட்டாளத்தோட குண்டு வந்து வியுந்துச்சாம். நாலாவது பக்கம் அந்தக் கழுதைப் பாதை. ஊரே அது வயியா எறங்கி ஓடுச்சு. எட்டு பேரு ஓட முடியாமலே செத்தாங்கோ, ஒருத்தரு இவுரு சித்தப்பா. இவுங்க அம்மா மாட்டை அவுத்து வுடாம தண்ணி மட்டும் வெச்சிட்டு வந்துச்சாம், ஒரு வாரத்துல வந்துடலாம்னு. நாலு நாளு நடை. லெபனான்ல சூர்னு ஒரு கடலோர ஊரு, அங்க கூடாரம், அப்பால தகரக் கொட்டா. திரும்பிப் போவலாம்னு போனவங்க மேல சுட்டாங்களாம். வூடு எல்லாத்தையும் வெடி வெச்சி எடுத்துட்டு பைன் மரம் நட்டுட்டாங்கன்னு பின்னால ஒரு கப்பல்காரன் சொல்லிக் கேட்டிருக்காரு. அவ்ளோதான் அந்த ஊரு. இல்ல, இன்னிக்கு வரைக்கும் யாரும் போவல.

இதுல இன்னா கொடுமைன்னா, அந்தக் கொட்டாவுல குந்திக்கினு மாமனாரு தெனம் கேப்பாராம். நாலு துப்பாக்கிக்கு இத்தினி பீரங்கியா? எங்க கிட்ட பட்டாளம் கீதுன்னு எவன்யா சொன்னான், அவன் மட்டும் என் கைல கெடச்சான்னு வையி. பக்கத்துலயே குந்தி இவுரு ரொட்டி தின்னுகினு இருப்பாரு. வாயத் தொறக்கல. ஆறு வருசம் கேட்டுக்கினே இருந்துட்டு அந்த மனுசன் போய்ச் சேந்துட்டாரு. அடக்கம் பண்ணிட்டு இவுரு கப்பல் ஏறினதுதான்.

இத்தக் கேட்டு எனக்கு கோவம்தான் வந்துச்சு. முப்பத்தாறு வருசமா ஒரே பாய்ல படுத்துகினு இத்த என் கிட்ட சொல்லலியே, நான் இன்னா போலீசா? அப்பறம் கேட்டேன், சுத்துப்பட்டு ஊருங்க இன்னா ஆச்சுன்னு. எல்லாம் காலின்னாரு. அங்கெல்லாம் துப்பாக்கி இருந்துச்சா? ஒரு ஊர்ல ஒண்ணுகூட இல்லன்னாரு. அந்த ஊரும் காலியா? காலிதான். அப்ப அங்க எந்தப் புள்ளய்யா போயி அறுவதுன்னு சொல்லிச்சுன்னேன். நான் படிச்சவ இல்லம்மா, கைல மொறம் வெச்சிக்கினு வாய்ல வந்ததக் கேட்டேன். அவ்ளோ வருசத்துல அந்தக் கேள்விய அவுரு தனக்குத்தானே கேட்டுக்கவே இல்லியாம். துண்ட மூஞ்சில போட்டுக்கினு அயுதாரு. நான் போயி ஒல வெச்சேன், வேற இன்னா பண்றது.

அப்பால பத்து நாளு கயிச்சுதான் நீ வந்த. நான் வயக்கம் போல பொய்ய ரெடி பண்ணிக்கினு வாசலுக்கு வர்றேன், எனக்கு மின்ன அவுரு வந்து நிக்கிறாரு. சட்டை போட்டு, பட்டன்லாம் மாட்டிக்கினு. வாங்கம்மா, எயுதிக்கோங்கன்னாரு. எத்தினி பேருன்னு நீ கேட்ட. வெரல மடக்கி ஒவ்வொருத்தரா எண்ணி, நானு, ரஹீமுன்னிசா, பொண்ணு ஜஹானாரா, மருமவன் பிலாலு, பேத்தி தமன்னா, மொத்தம் அஞ்சுன்னாரு. ஒண்ணு கூடவும் இல்ல, கொறையவும் இல்ல. பொறவு தமன்னாவ இட்டாந்து, அவுரு ஊரு பேர நீ எந்த எடத்துல எயுதிகீறேன்னு வெரல வெச்சிக் காட்டச் சொன்னாரு. நீ அந்தாண்ட போனதும் பள்ளியாசல்ல போயி ஒவ்வொருத்தன் கிட்டயும் சொல்லிகீறாரு, கவருமெண்டு பேப்பர்ல எங்க ஊரு ஏறிடுச்சுன்னு. அவனுங்களுக்கு இன்னா புரியும், கடப்பாசி வாங்கியாந்து குடுத்தாரேன்னு தின்னானுங்க.

ஒலகத்துல அந்த ஊரு பேரு இருக்கற காயிதம் இது ஒண்ணுதான்னு என் கிட்ட சொன்னாரு. அது நெசமா பொய்யான்னு எனக்குத் தெரியாது. அவுரு அப்டித்தான் நெனச்சாரு.

கேளு, கேளு. எத்தினி பேருன்னு கேட்டுத்தான ஆவணும், உன் வேல அது.

நாலு பேரும்மா. போன திங்கக்கெயமை, சாயந்தரம் அசர் தொழுகைக்கு மின்ன கை கால் கயுவி ஒளு செய்யக் குந்தினவரு, எய்ந்திரிக்கல. மறுநாளே அடக்கம் பண்ணிட்டோம். அய்ய, நீ எதுக்குக் கண்ணத் தொடைக்கற? எனக்கே அயுகை வர மாட்டேங்குது. வந்தா தேவலை. நெஞ்சுல ஒண்ணுமே இல்லாத மாதிரி கீது, சோறு ஆக்குறேன், துணி தொவைக்கிறேன்.

உன் கிட்ட மறைச்சிடலாம்னுதான் நெனச்சேன். நேத்து தெருமொனைல உன்னப் பாத்ததுலேந்து அதேதான் யோசனை. தொழுவப் போயிருக்காரு, அஞ்சு பேருதான்னு சொன்னா நீ டிக்கு போட்டுக்கினு போயிருப்ப, வரி அப்டியே இருக்கும். பொய் சொல்லி எனக்குப் பயக்கம்தான். ஆனா எண்ண வந்தவங்க கிட்ட ஏத்திச் சொல்லிட்டோமேன்னு அந்த மனுசன் அம்பத்தி மூணு வருசம் வெந்துகீறாரு. அவுரு பேர வெச்சே நான் ஒரு ஆளு ஏத்திச் சொல்லவா? என்னால ஆவல.

பேனாவத் தொற. ஒத்தக் கோடா போடும்மா, அயுத்தமா வேணாம். கீய இருக்கற எயுத்து தெரியணும். ஊரு பேரு பக்கம் வர்றப்ப இன்னும் மெல்லிசா. ஆங், அப்டித்தான். மொத்தம்னு கீய ஒரு கட்டம் இருக்குமே, அங்க அஞ்ச அடிச்சிட்டு நாலுன்னு போடு.