காற்று மிதித்த துலா

கொக்குவில் கடவையில் ரயிலுக்காக பஸ் நின்றது. முன் இருக்கையில் தோட்டம் செய்யும் இரண்டு கமக்காரர்கள்.

“வெள்ளைக்காரன் காத்தைக் கொண்டு துலா மிதிப்பிச்சவன்” என்றார், இங்கிலாந்திலுள்ள மகளிடம் போய்வந்தவர். “முன்னூறு வருசத்துக்கு முந்தின நீராவி எஞ்சின். பாத்தா, ஆள் ஏறி மிதிச்சுத் தண்ணி இறைக்கிற எங்கடை கிணத்துத் துலாதான்.”

“காத்து எப்பிடி அண்ணை மிதிக்கும்?”

“சிலிண்டருக்குள்ளை நீராவியை விட்டு, பச்சைத்தண்ணி தெளிப்பான். நீராவி சுருங்க உள்ளுக்கு ஒண்டுமில்லை. வெளிக்காத்து, துலா நுனியிலை கொழுவின மூடியை உள்ளுக்கு அமத்தும், துலா சரியும். மற்றப் பக்கத்தாலை சுரங்கத்துத் தண்ணி மேலை வரும்.”

மற்றவர் மடங்காத தன் முழங்காலைத் தடவினார்.

“துலாவாலை விழுந்த கால் இது. அந்த வெள்ளைக்காரன் விண்ணன் அண்ணை, நல்ல கெட்டிக்காரன். காத்து விழுந்தாலும் கால் முறியாது.”