சறோஜினிக்கு நான் வாசித்துக் காட்டிய புத்தகங்கள்

நினைவுக்குறிப்பு எழுதுகிறவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை. நாவல் எழுதுகிறவன் பொய் சொல்லப்போகிறேன் என்று சொல்லிவிட்டே தொடங்குகிறான். நினைவுக்குறிப்புக்காரர் தன் நெஞ்சில் கை வைத்து எல்லாம் உண்மை என்று தொடங்கி, பாதிப் புத்தகம் முடிவதற்குள் ஊரிலேயே நல்ல மனிதர் தான்தான் என்று ஆக்கிவிடுகிறார். இது என் சொந்த அபிப்பிராயம். நான் எழுத்தாளனும் இல்லை, விமர்சகனும் இல்லை. யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில், கரம்பொன்னில் இருக்கிறேன், கூட்டுறவுச் சங்க முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்றவன், பெயர் தியாகலிங்கம். பொழுதுபோக்குக்கு வாசிக்கிறவன். இந்த வாசகர் குழுவில் இருக்கிற உங்களில் பலருக்கு, சறோ அக்காவின் மனுசன் என்று சொன்னால்தான் என்னைத் தெரியும். அதைக் குறையாகச் சொல்லவில்லை.

‘எட்டு மணி லோஞ்ச்’ என்ற நினைவுக்குறிப்பைப் பற்றிச் சறோஜினியின் பெயரில் இங்கே வந்த குறிப்பைப் பார்த்துக் கலங்கிப்போனீர்கள். சறோ அக்கா வேறு ஏதோ புத்தகத்தை வாசித்துவிட்டாவா என்று கேட்டீர்கள். அதை எழுதிய சுதாகரன், அனலைதீவில் பிறந்து பாரிஸில் இருப்பவர், மனம் நொந்து கொஞ்ச நாள் இந்தப் பக்கமே வரவில்லை. பிழை சறோஜினியுடையது இல்லை. அதை விளங்கப்படுத்தத்தான் இதை எழுதுகிறேன். ஒழுங்காகத் தொடக்கத்திலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

எங்கள் மகள் நிலாந்தினி ரொறன்ரோவில் இருக்கிறாள். நயினாதீவு அம்மன் கொடியேற்றத்துக்கு அங்கிருந்து வருகிறவர்கள் யாரிடமாவது புத்தகங்கள் கொடுத்துவிடுவாள். மற்ற வீடுகளுக்குச் சொக்லேற்றும் நோவுத் தைலமும் வரும், எங்கள் வீட்டுக்குப் புத்தகம் வரும். பார்சலில் என் பெயர் இருக்கும். பிரிப்பது சறோஜினி.

அவள் வாசிக்கிற விதத்தை நீங்கள் கண்டதில்லை. குசினிக் கதிரையில் ஒரு காலை மடித்துவைத்துக்கொண்டு, அடுப்பில் சொதி கொதிக்கக் கொதிக்க வாசிப்பாள். தேத்தண்ணி கேட்டால் ‘ம்’ என்பாள். அந்த ‘ம்’ எனக்குச் சொன்னது இல்லை என்று எனக்குத் தெரியும். சில பக்கங்களில் சிரிப்பு வந்துவிடும், வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரிப்பாள். கல்யாணம் முடித்த இத்தனை வருசத்தில் நான் சொன்ன எதற்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை. நான் பகிடி தெரியாதவன் இல்லை. சங்கத்தில் நான் பகிடி விட்டால் சிரிக்காத ஊழியர் கிடையாது.

பிறகு அவள் இந்தக் குழுவில் சேர்ந்தாள். ஒரு குடும்ப நாவலைப் பற்றி, ‘இந்தக் கதையில வாற மாமியார் நல்லவ. அதுதான் எனக்குப் பயமாக் கிடந்தது’ என்று எழுதினாள். அவ்வளவுதான் அபிப்பிராயம். அதற்குப் போய் நீங்கள் எல்லாரும் குவிந்தீர்கள். அதே நாவலைப் பற்றி நானும் எழுதினேன். பக்கங்கள் எத்தனை, அட்டை எப்படி, அச்சுப்பிழைகள் எங்கெங்கே, கதாநாயகி ஏறுகிற ரயில் அந்த நேரத்தில் ஓடுவதேயில்லை என்ற விபரம், எல்லாம் கொடுத்தேன். வல்லிபுரம் மாஸ்டர் மட்டும் ‘பயனுள்ள தகவல்’ என்று போட்டார். அவர் மரண அறிவித்தலுக்கும் அப்படித்தான் போடுவார்.

எனக்குப் பொறாமை. அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஆனால் உங்கள் பாராட்டுக்காக நான் எரிந்தேன் என்று நினைக்க வேண்டாம். முன்பின் தெரியாத எழுத்தாளர்கள் என் குசினிக்குள் வந்து, என் மனுசிக்குப் பக்கத்தில் இருந்து, அவளைச் சிரிக்கவும் அழவும் வைத்துவிட்டுப் போகிறார்கள். நான் விறாந்தையில் பேப்பரோடு இருக்கிறேன். எந்தப் புருசன் இதைப் பொறுப்பான்? சுதாகரன் அந்த நாட்களில் புத்தகத்தை எழுதிக்கொண்டிருந்தார். ‘உங்களைப் போல ஒரு ஆள் வாசிப்பா எண்டு நினைச்சுத்தான் அக்கா எழுதிறன்’ என்று அவளுக்குத் தனியாகச் செய்தி அனுப்பினார். அவள் ஒளிக்கவில்லை, போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“பாருங்கோ, இந்தப் பிள்ளை எவ்வளவு மரியாதையா எழுதியிருக்கு.”

பிள்ளைக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது.

அதற்குப் பிறகுதான் சறோஜினிக்குக் கண்ணில் கற்றரக் வந்து, புரை மூடி, யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிக்கொண்டுபோய் ஒப்பரேசன் செய்தோம். டொக்டர் இரண்டு விசயம் சொன்னார். முதலாவது, கொஞ்சக் காலத்துக்கு வாசிக்கக்கூடாது. அடுத்தது, கண்ணுக்குள் அழுத்தம் கூடியிருக்கிறது, அதற்கு ஒரு சொட்டு மருந்தைக் காலையும் மாலையும் வாழ்நாள் முழுக்க விட வேண்டும். ஒழுங்காக விட்டால் சாகும்வரை வாசிக்கலாம். விடாவிட்டால் பார்வை ஓரத்திலிருந்து தேய்ந்துகொண்டு வரும், போனது திரும்பாது. “அம்மாவுக்குக் கை நடுங்குது. ஐயாதான் பொறுப்பாய் விடவேணும்,” என்று என்னைப் பார்த்துச் சொன்னார். பொறுப்பு என்றால் என்னவென்று எனக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை.

வாசிக்கக்கூடாத அந்த நாட்களில் நான்தான் அவளுக்கு வாசித்தேன். சோறு தின்ற பிறகு விறாந்தையில் கண்ணை மூடிக்கொண்டு எனக்குப் பக்கத்தில் இருப்பாள். நான் ஆளுக்கு ஏற்ற மாதிரிக் குரலை மாற்றி வாசிப்பேன். நிறுத்தினால் “பிறகு?” என்பாள். முதல் தடவையாக அவளுடைய அந்தச் சிரிப்பு, தோள் குலுங்குகிற சிரிப்பு, என் வாயிலிருந்து போன சொல்லுக்கு வந்தது. அயலில் இருக்கிற மேரிசுகந்தி வேலியால் எட்டிப் பார்த்து, “அண்ணை வானொலியில சேர்ந்திருக்கலாம்,” என்றாள். என் வாழ்க்கையில் நான் சந்தோசமாக இருந்த காலம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

அடுத்த கிளினிக்கில், இனி வாசிக்கலாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். திரும்பி வரும்போது பஸ் இன்னும் தீவுக்குப் போகிற பண்ணைப் பாலத்தில்கூட ஏறவில்லை, அதற்குள் அவள் கைப்பையிலிருந்து புத்தகத்தை எடுத்துவிட்டாள். நாங்கள் பாதியில் விட்டிருந்த நாவல். மிச்சம் நான் வாசிக்க வேண்டியது.

“இனி நானே வாசிக்கிறன். உங்களுக்கும் தொண்டை நோகும்.”

எனக்குத் தொண்டை நோகவில்லை என்று சொன்னேன். அது அவள் காதில் விழவில்லை. அவள் அந்தக் கதைக்குள் போய்விட்டாள்.

அந்தக் கிழமை மருந்துப் போத்தலின் முனையைக் கழற்றி, உள்ளே இருந்ததை ஊற்றிவிட்டுத் தண்ணீர் நிரப்பினேன். தண்ணீர் என்றால் கண்ட தண்ணீர் இல்லை. எங்கள் கிணறு உவர், சட்டி கழுவத்தான் உதவும். நான் எடுத்தது பவுசர் லொறியில் வருகிற நல்ல தண்ணீர். அதைக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, வெள்ளைத் துணியில் வடித்துத்தான் விட்டேன். தீவுப்பகுதியில் ஒரு பிளாஸ்ரிக் கான் நல்ல தண்ணீருக்குச் சனம் எப்படி அலைகிறது என்று தெரிந்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும். அவளுடைய கண்ணில் ஒரு நாளும் கிருமி பிடித்ததில்லை. டொக்டரே அதை மெச்சினார்.

“இண்டைக்கு எரியேல்லை,” என்றாள் முதல் நாள்.

“பழகியிருக்கும்,” என்றேன்.

அழுத்தம் குறையாததைக் கண்டு டொக்டர், மருந்தை ஒழுங்காக விடுகிறீர்களா என்று கேட்டார். நான் வாய் திறக்கமுன் சறோஜினி மறுமொழி சொன்னாள். “இவர் ஒரு வேளையும் தவறவிடமாட்டார் டொக்டர். நயினாதீவுக்குப் போனாலும் போத்தலோடதான் லோஞ்சில ஏறுறவர்.” அது உண்மை. டொக்டர் வேறு மருந்து எழுதித் தந்தார், அதையும் அப்படியே செய்தேன். பிறகு இன்னொரு ஒப்பரேசன் செய்து பார்க்கலாம் என்றார். அவள் பயப்படுகிறாள் என்று டொக்டருக்குச் சொன்னேன். தேவையில்லையாம் என்று அவளுக்குச் சொன்னேன்.

டொக்டர் சொன்னபடி ஓரந்தான் முதலில் போனது. பக்கத்தில் வைத்த தேத்தண்ணிக் கோப்பையைத் தட்டிவிட்டாள். வாசல் நிலையில் தோளை இடித்துக்கொண்டாள். நடுப்பார்வை கடைசிவரைக்கும் நிற்குமாம். அதனால் அவள் வாசிப்பதை விடவில்லை. விரலை வைத்து, சொல்லுச் சொல்லாக, நெற்றி சுருங்க வாசித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவு போன பிறகும் அவள் அந்த எழுத்தாளர்களிடம்தான் போகிறாள், பக்கத்தில் இருக்கிற என்னிடம் வரவில்லை.

ஒரு பின்னேரம் அவளாகவே புத்தகத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

“ஏலாது. நீங்களே வாசியுங்கோ.”

நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தேன். தொடக்கத்தில் என் குரல் கொஞ்சம் தழுதழுத்தது. நானும் மனுசன்தானே.

இந்த முறை கொடியேற்றத்துக்கு ‘எட்டு மணி லோஞ்ச்’ வந்தது. அவளுக்கு வாசிக்கமுன் நான் ஒருக்கால் தனியே வாசித்துப் பார்த்தேன். என் அபிப்பிராயத்தைக் கேட்டால், நல்ல புத்தகம், அதை மறைக்க மாட்டேன். காலைப் படகில் ஊரைவிட்டுப் போகிற மகனிடம் தாய் ஒரு கோழியைக் கொடுத்துவிடுகிறாள், யாழ்ப்பாணத்தில் இருக்கிற தமக்கைக்குக் கொடுக்கச் சொல்லி. அந்தக் கோழி லோஞ்சுக்குள் கட்டறுத்துப் பறந்து ஐயரின் மடியில் விழுகிறது. லோஞ்ச் முழுக்கச் சிரிக்கிறது. சிரித்து முடிக்கிற இடத்தில்தான், அந்தத் தாயைச் சுதாகரன் அதற்குப் பிறகு காணவேயில்லை என்று நமக்குத் தெரியவருகிறது. சறோஜினி இதற்கு எப்படிச் சிரிப்பாள், எந்த இடத்தில் நிறுத்துவாள், சீலைத் தலைப்பை எப்போது எடுப்பாள் என்றெல்லாம் எனக்குக் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. என் வாயால் வாசித்தாலும் அந்தச் சிரிப்பு அவருடையது. அதை அவருக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே கோழியை விட்டுவிட்டேன். அந்த இடத்தில் அவருடைய பாரிஸ் வீட்டையும் காரையும் வாசித்தேன். தாயைக் கூப்பிட்டு வைத்திருக்க இடமில்லை என்று அவர் சலித்துக்கொள்வதை வாசித்தேன். நான் கற்பனைக்காரன் இல்லை, ஆனால் தாளைப் பார்த்துக்கொண்டே சொல்லச் சொல்ல வந்தது. சறோஜினி முகத்தைச் சுளித்தாள்.

“பெத்த தாயைப் பற்றி இப்பிடி எழுத ஒருத்தனுக்கு மனம் வருமே?”

குறிப்பை அவள் சொல்ல நான் தட்டினேன். நீங்கள் இங்கே பார்த்தது அதைத்தான். அவள் சொன்னதில் ஒரு சொல்லையும் நான் மாற்றவில்லை, அது மரியாதை இல்லை.

அப்படியே போயிருக்கும். ஆனால் சறோ அக்காவுக்குக் கண் தெரியாது என்று யாரோ சுதாகரனுக்குச் சொல்லிவிட்டீர்கள். அவர் அந்த அத்தியாயத்தைத் தன் குரலிலேயே வாசித்து இங்கே போட்டார். நான் தண்ணீர் எடுக்கப் பவுசரடிக்குப் போயிருந்தேன். கானோடு வந்து படலையைத் திறக்கிறேன், குசினிக்குள்ளிருந்து சிரிப்புக் கேட்கிறது. மேரிசுகந்தியின் போன் மேசையில் இருக்கிறது, சறோஜினி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறாள். பிறகு அந்தச் சிரிப்பு நின்றது. மேரிசுகந்தி என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு எழும்பிப் போய்விட்டாள்.

“இஞ்சேருங்கோ,” என்றாள் சறோஜினி. “நீங்கள் வாசிச்சதில கோழி இல்லையே.”

“அது விட்டுப்போச்சு.”

“தாயைச் சலிச்சுக்கொண்டது இந்தப் பிள்ளை வாசிச்சதில இல்லை.”

நான் கானை இறக்கி வைத்தேன்.

“புத்தகத்தில மட்டும்தானே மாத்தினனீங்கள்?”

“ஓம்,” என்றேன்.

மருந்து விடுகிற நேரமாகியிருந்தது. அப்படிக் கேட்ட பிறகு தண்ணீர் விட எனக்குக் கை வரவில்லை. குளிர்சாதனப் பெட்டிக்குள் இருந்த புதுப் போத்தலை உடைத்து, மருந்தை மருந்தாகவே விட்டேன். இனி விட்டும் விடாவிட்டும் ஒன்றுதான் என்று டொக்டர் போன கிளினிக்கிலேயே சொல்லியிருந்தார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று சனம் சொல்லும். சொல்லட்டும்.

“எரியுது,” என்றாள்.

என் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அப்படியே இருந்தாள். பார்வை போன கண்கள் என்று எனக்குத் தெரியும், என்றாலும் நான்தான் குனிந்துகொண்டேன்.

அடுத்த நாள் அவள் மேரிசுகந்தியைக் கூப்பிட்டு மகளுக்குப் போன் எடுப்பித்தாள். கதவைச் சாத்திவைத்துக்கொண்டு கதைத்தாள். போத்தல்களை மேரிசுகந்தி ஒரு பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். நிலாந்தினி பிளேன் ஏறிவிட்டாளாம். இனி ஆளுக்கொரு கதை கட்டுவார்கள், அதற்கு முன்னால் நடந்தது நடந்தபடி உங்களுக்குத் தெரிய வேண்டும். நான் அவளை ஒரு நாளும் அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை. அவளுடைய கண்ணைக் கெடுத்தது நான்தான். அவள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டதற்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இப்போது பின்னேரங்களில் மேரிசுகந்தி வந்து அவளுக்கு வாசிக்கிறாள். எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறாள், குரலில் ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை. அதற்குக்கூடச் சறோஜினி “பிறகு?” என்கிறாள். விறாந்தையில் இருக்கிற எனக்கு அது கேட்கிறது. உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இந்தப் பதிவை அவளுக்கு ஒருவரும் வாசித்துக் காட்ட வேண்டாம். நானே வாசித்துக் காட்டுகிறேன். எந்த இடத்தை எப்படி வாசித்தால் அவளுக்கு நோகாது என்று எனக்குத்தான் தெரியும்.