என் அம்மா பாக்கியமும் என் மகள் வசந்தாவும்

படியில் இறங்கிக்கொண்டிருக்கிறேன். பாதிப் படி. இடுப்பில் துணி வாளி. கீழே வாசலிலிருந்து அம்மாவின் குரல்.

"வசந்தா! அதத் தொடாத! ஓடியா! ஓடியாடி!"

முதலில் வெளிச்சம். பிறகு சத்தம். ஒரே சத்தம்தான். இரும்புக் கதவை என் காதுக்குள் வைத்து அறைந்து சாத்தியது போல. அதன்பின் ஒரு நீண்ட ரீங்காரம். காலுக்குக் கீழே படி இல்லை.

அறுபத்தைந்தாம் வருஷம். சனிக்கிழமை. பகல் மூன்றே கால் இருக்கும். பக்கத்து வீட்டு ரேடியோவில் மூன்று மணிச் செய்தி முடிந்து பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. செராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. அங்கே ஒரு கடைவீட்டின் மாடியில் ஒரு அறை. அதுதான் எங்கள் வீடு.

அப்போது பக்கத்து நாட்டோடு மோதல், கொன்ஃப்ரொன்தாசி என்பார்கள், நடந்துகொண்டிருந்தது. ஊரில் அங்கங்கே குண்டு வெடித்தது. கேட்பாரற்றுக் கிடக்கும் பொட்டலத்தைத் தொடாதீர்கள் என்று சொல்லியிருந்தார்கள். அம்மாவுக்கு அது தெரியும். வசந்தாவுக்கு ஆறு வயது. படிக்கட்டின் அடியில் பளபளவென்று ஒரு பிஸ்கட் டின் இருந்தால் எந்தப் பிள்ளையும் கிட்டப் போகும்.

அம்மாவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

பெயர் பாக்கியம். தேக்கா சந்தையில் அம்மி போட்டு மசாலா அரைத்து விற்றாள். மிளகாய் ஒரு உருண்டை, மஞ்சள் ஒரு உருண்டை, மல்லி ஒரு உருண்டை. மீனுக்கா கறிக்கா என்று கேட்டு, அளவாக வழித்து இலையில் மடித்துக் கொடுப்பாள். அவள் கை எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். வசந்தா பிறந்தபோது அவள் பிள்ளையைக் கையால் தொடவில்லை. விரல்களை விரித்துத் தள்ளி வைத்துக்கொண்டு முன்கையில் ஏந்தினாள்.

"என் கை காரம்டி. புள்ள கண்ணுல பட்டுடும்."

அடுத்த மாதமே அம்மியை விட்டுவிட்டாள். நான் வேலைக்குப் போகவேண்டியிருந்தது. என் கணவர் கப்பலில் வேலை செய்தார். வந்தால் பத்து நாள், போனால் எட்டு மாதம். அம்மா சொன்னாள்: "ஒன்னைய வளத்தப்போ நான் சந்தையிலயே கெடந்தேன். இவளையாவது கண்ணால பாத்து வளக்குறேன்." வளர்த்தாள். ஆறு வருஷம் வசந்தா என்னோடு படுத்ததில்லை. அம்மாச்சி, அம்மாச்சி என்று அவள் முந்தானையிலேயே கிடந்தாள்.

அப்பாவையும் சொல்ல வேண்டும். நாற்பத்து மூன்றில் சயாம் ரயில் வேலைக்கு ஜப்பான்காரன் ஆள் பிடித்தான். அப்பா லாரியில் ஏறினார். எனக்கு ஐந்து வயது. சண்டை முடிந்து சிலர் திரும்பினார்கள். அம்மா ஒவ்வொருவரையும் தேடிப்போய்க் கேட்டாள். "வந்துருவாரும்மா" என்றார்கள். அம்மா பொட்டை அழிக்கவில்லை. இரவுச் சோற்றில் ஒரு பங்கு எடுத்து வைப்பாள்.

பத்து வருஷம் கழிந்தது. ஒரு தைப்பூசத்தன்று டேங்க் ரோடு கோயில் வாசலில் ஒருவர் அம்மாவைப் பார்த்து நின்றார். முன்பு "வந்துருவார்" என்று சொன்னவர்களில் ஒருவர். கும்பிட்டுவிட்டு அழுதார்.

"வாந்திபேதிம்மா. போன வருசமே முடிஞ்சிருச்சு. நான்தான் மண்ணு தள்ளுனேன்."

போன வருஷம் என்றால் அவர்கள் அங்கே போய்ச் சேர்ந்த அதே வருஷம்.

"அன்னைக்கே ஏன் சொல்லல?" என்றாள் அம்மா.

"ஒங்க மொகத்தப் பாத்தேன். வாய் வரல."

வீட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "பத்து வருசம் சரோ. ஒருத்தன் ஒரு வார்த்த உண்மையச் சொல்லியிருந்தா நான் அழுது முடிச்சிருப்பேன்."

இனி அந்தச் சனிக்கிழமை.

கண் திறக்கிறேன். சுண்ணாம்புத் தூசி. பிளந்த மரக்கட்டைகள். எதிர்க்கடைக்காரர் வாயைத் திறந்து திறந்து மூடுகிறார். எனக்குக் கேட்கவில்லை. வாசலில் அம்மா குப்புறக் கிடக்கிறாள். அவளுக்கு அடியில் வசந்தா. எட்டிப் பிடித்திருக்கிறாள். போதவில்லை.

வசந்தா அங்கேயே போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை புதைத்தோம்.

அம்மா ஆஸ்பத்திரியில். இரண்டு கண்ணிலும் கட்டு. முதுகு முழுக்கக் காயம். திங்கட்கிழமை நினைவு வந்தது. முதல் கேள்வி அதுதான்.

"வசந்தா எங்க?"

தாதி ஒருத்தி என் கையைப் பிடித்து இழுத்தாள். "சொல்லாதீங்க லா அக்கா. இப்ப தாங்க மாட்டாங்க."

"சின்னப் புள்ளைங்க வார்டுல இருக்காம்மா. கால்ல அடி" என்றேன்.

"சாப்ட்டாளா?"

"சாப்ட்டா."

செவ்வாய். பால் குடித்தாளா என்றாள். குடித்தாள் என்றேன். புதன். அம்மாச்சியைக் கேட்டாளா என்றாள். கேட்டாள் என்றேன். அந்த மூன்று நாளும் அம்மா கஞ்சி குடித்தாள். டாக்டர் தேறிவருகிறார் என்றார்.

வியாழன். பகல் பன்னிரண்டு மணி. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். நான் இடது காதை அவள் வாயருகே கொண்டுபோனேன். அது ஒன்றுதான் கேட்டது.

"கால்ல அடிபட்ட புள்ள அம்மாச்சின்னு கத்தாம இருக்குமா? சரோ. நீயும் எனக்கு அப்படிப் பண்ணாத."

கோயில் வாசலில் நின்ற மனிதரை நினைத்தேன். சொல்லிவிட்டேன்.

"வசந்தா இல்லம்மா."

அவள் அழவில்லை. கட்டுக்குள் கண்ணீர் வந்ததோ என்னவோ. என் மணிக்கட்டை விடாமல் கேட்டாள்.

"நான் புடிச்சேன்ல?"

"புடிச்சம்மா."

"வலிச்சிருக்குமா அவளுக்கு?"

"தெரியலம்மா."

அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. பேசவும் இல்லை, கஞ்சிக்கும் இல்லை. கரண்டி பல்லில் பட்டுத் திரும்பியது. சனிக்கிழமை காலை ஒன்பதரைக்குப் போய்விட்டாள்.

பொய்யைக் கட்டிக்காத்திருந்தால் தேறியிருப்பாள். தேறி எழுந்து என்னிடம் கேட்டிருப்பாள். இரண்டையும் எத்தனையோ வருஷம் மனதில் ஓட்டிப் பார்த்தேன். நான் செய்தது சரி என்று இன்றுவரை தோன்றவில்லை. தவறு என்று சொல்லவும் வாய் வரவில்லை.

டின்னை வைத்தது யார் என்று எங்களுக்கு யாரும் வந்து சொல்லவில்லை. என் கணவர் செய்தி கேட்டு, பயணத்தைப் பாதியில் விட்டு, ஏழு வாரம் கழித்து வந்தார். வசந்தாவின் பாவாடைகளை மடித்து ஒரு பெட்டியில் போட்டார். மறுபடி கப்பலேறினார். அவள் பெயரை அவர் பிறகு சொல்லி நான் கேட்டதில்லை.

போனவை இவை. மாடிப்படி. ஒரு கட்டில். அப்பாவின் ஒரே படம். என் வலது காது.

போனவர்கள். பாக்கியம், நாற்பத்தொன்பது வயது. வசந்தா, ஆறு வயது.

செய்தித்தாளில் இரண்டு பேர் என்று போட்டார்கள். அது தப்பு. எனக்கு அப்போது மூன்று மாதம். அம்மாவிடம்கூட இன்னும் சொல்லியிருக்கவில்லை. புதன்கிழமை பிற்பகல், அதே ஆஸ்பத்திரியில், அதுவும் போய்விட்டது.

மூன்று பேர்.