வீட்டில் மாண்டரின் பேசுபவர்

இல்லைங்க, நான் வரிசை மாறி உக்காரல. வீட்டுலயே மாண்டரின் பேசுற பிள்ளைங்களுக்கான வரிசைதானே இது? தெரியும். அந்த மேசைக்காரம்மாவும் இதையேதான் கேட்டாங்க, ரெண்டு தடவை. இந்தச் செம்பட்டை முடியையும் பெயின்ட் ஒட்டின பூட்ஸையும் பாத்தா யாருக்குத்தான் சந்தேகம் வராது? உள்ள டீச்சர்கிட்ட பேசிக் காட்டப் போயிருக்கறது நான் இல்ல, என் பொண்ணு. ரூயி. அஞ்சு வயசு.

அடுத்தது உங்க பையனா? நல்லா பேசுவானா? குடுத்து வெச்சவங்க நீங்க.

இந்த மாண்டரின் ஸ்கூல்ல சேக்க, மொழியே தெரியாத பிள்ளைங்களோட சேத்துக் குலுக்கல்ல போட்டிருக்கலாம். இருபது இடத்துக்கு முந்நூறு பேராம். சான் பிரான்சிஸ்கோவுல வண்டி நிறுத்தவே இடம் கிடைக்காத ராசி என்னோடது. அதான் இங்க. ஆனா இங்க வாயைத் திறந்து பேசிக் காட்டணும். ரூயி அந்த மொழியில ஒரு வார்த்தை பேசி வருஷம் ஆகப்போகுது.

முன்னல்லாம் வாய் ஓயாது. திடீர்னு நிறுத்திட்டா. நான் விடுவேனா? ஃபோன்ல ஒரு ஆப்பை இறக்கி நானே வாத்தியாராயிட்டேன். பெயின்ட் அடிக்க ஏணியில ஏறினா, நான் மாணவன், நீங்களும் மாணவனான்னு சுவத்தைக் கேட்டுக்கிட்டிருப்பேன். ஒருநாள் சீனக்காரங்க பன் கடையில போய் எடுத்து விட்டேன். கடைக்காரம்மா பொறுமையா முழுசும் கேட்டுட்டு, படம் போட்ட மெனுவை என் பக்கம் தள்ளினாங்க, விரலால காட்டுப்பான்னு.

வீட்டுல அதுகூட இல்ல. நான் ஆரம்பிச்சா ரூயி ரெண்டு காதையும் பொத்திக்குவா. நீ இங்கிலீஷ்லயே இரு டாடின்னுடுவா.

அப்புறம் சாமான் மேலெல்லாம் மாண்டரின்ல பேரெழுதி ஒட்டினேன். பூனை மேல ஒட்டினதை அதுவே பிச்சுப் போட்டுது. ஒருநாள் பாத்தா, ஃப்ரிட்ஜுல இருந்த சீட்டு கதவுல இருக்கு, கதவுல இருந்தது ஃப்ரிட்ஜுல இருக்கு. தப்பா ஒட்டினது நான். சத்தமில்லாம சரி பண்ணி வெச்சது அவ. அப்பதான் தெரிஞ்சுது, உள்ள பத்திரமா இருக்கு, இன்னும் போகலன்னு.

அவ அம்மா சொல்லித் தரக்கூடாதான்னா? ம். கேக்கலாம்தான். இந்த பெஞ்சைச் சின்னப் பிள்ளைங்களுக்குன்னே செஞ்சிருக்காங்க பாருங்க, முட்டி முகத்துல இடிக்குது.

இன்னிக்கு வாயைத் திறக்கலன்னா இடம் இல்ல. இடம் போனா போகட்டுங்க. வீட்டுல என்னை வெச்சுக்கிட்டு இன்னும் ஒரு வருஷம் ஓட்டினா, இருக்கற மிச்சமும் போயிடும். அதுதான் பயம்.

இருங்க, டீச்சர் இருமறாங்க. அது... அது அவ குரல்தான். நீளமா என்னமோ சொல்றா. எனக்கு எங்க புரியுது, நான் படிச்ச லட்சணம் அப்படி. நீங்க கொஞ்சம் சொல்லுங்களேன், என்ன சொல்றா?

பச்சத்தண்ணி குடிக்காத, வெந்நி குடி, கழுத்துல துணியைச் சுத்துன்னா?

ஓ. அதுவா.

அது ஜிங்வென் சொல்றது. என் பொண்டாட்டி. எனக்குத் தும்மல் வந்தாக்கூட அதேதான். விண்ணப்பத்துல, வீட்டில் மாண்டரின் பேசுபவர் பேருன்னு ஒரு கட்டம் இருக்குல்ல? அதுல அவ பேரைத்தான் எழுதிக் குடுத்தேன். போன ஏப்ரல்ல போய்ச் சேந்துட்டா. உயிரோட இருக்கறவங்க பேரைத்தான் எழுதணும்னு அதுல எங்கயும் போடலைங்க.